ஏழாவது திருத்தம்

அயோத்தியாப்பட்டணத்தில்
மூடிக் கிடந்த ஜவ்வரிசி ஆலையை
கலைக்கூடமாக்க வேண்டும்.
டேப் பிடித்த முதல் நாளே
சுவரில் சாய்ந்த தோளில் மாவு.
பதினோரு வருடமாக ஓடாத ஆலை
மழைக்கு முந்தின மத்தியானங்களில்
இன்னும் புளித்த வாடை விடுகிறது.

வடக்குச் சுவரை உடைக்கலாம் என்றேன்.
அந்தப் பக்கம் சேர்வராயன் மலை,
நாள் முழுக்கக் கூசாத வெளிச்சம்.
ஓவிய வகுப்பு ஆசிப் மேசையைத் தட்டினார்.
மண்பாண்ட ஜெனிட்டாவுக்கு வெளிச்சம் பொருட்டில்லை:
"சிங்க் எங்கே? களிமண் அடைக்காத சிங்க்?"
வண்டல் தேங்க மூன்று தொட்டி வேண்டும்.
கிழங்குப்பால் தெளிந்த தொட்டிகள்
அளவெடுத்தது போல் அங்கேயே இருந்தன.
சூளைக்கு த்ரீ ஃபேஸ்.
சிறுவர் வகுப்புக்கு இடுப்புக்குக் கீழே குழாய்.
பொருளாளர் தங்கவடிவேல் மட்டும்
ஒவ்வொரு சதுர அடியையும்
முகூர்த்த நாளில் பூட்டிக் கிடக்கும்
மண்டபத்தைப் போலப் பார்த்தார்.

ஆறு முறை திருத்தினேன்.
ஆறாவதுக்கு எல்லோரும் தலையாட்டிய அன்று
அஸ்தம்பட்டி வாடகை மாடிக்கு
சம்பள பாக்கி கேட்டு வந்த இருசாயி
மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று
வரைபடத்தைத் தலைகீழாகப் பார்த்தார்.
மாடலாக நிற்பவர்.
வாரம் மூன்று நாள், நாற்பது நாற்பது நிமிடம்.

"இதுல நான் எங்க நிக்கறேன்?"

நட்ட நடுவில் ஒரு வட்டம். பென்சிலால் காட்டினேன்.

"கதவத் தொறந்தா இந்த வட்டத்துக்கு
ரோட்டு டீக்கடை தெரியும்.
டீக்கடைக்கு இந்த வட்டம் தெரியும்.
ஃபேன் நேரா முதுகுல அடிச்சா
ஒரு பக்கம் மரத்துப்போவும்.
வெறும் சிமெண்ட்டு வேணாம், பங்குனியில நிக்க முடியாது,
பலகை போடுங்க, ஒரு சாண் ஒசரம்.
எதிர்ச் செவுத்துல ஏதாவது இருக்கட்டும்,
கண்ணு எங்கியாவது ஒக்காரணும்ல.
துணி மாத்த ஒரு ரூமு, தாப்பா உள்பக்கம்.
கொக்கி ரெண்டு.
ஒண்ணு சேலைக்கு, ஒண்ணு பைக்கு.
பை தரையில கெடந்தா மனசு அங்கியே போவும்.
மொகத்துல தெரியும்.
பசங்க அதையும் வரைஞ்சிருதுங்க."

காற்றும் வெளிச்சமும் படித்துப்
பட்டம் வாங்கியவள் நான்.
எந்த அறையிலும் நாற்பது நிமிடம்
சும்மா நின்றதில்லை.

மறுநாள் காலி ஆலையில்
சாக்பீஸ் வட்டத்துக்குள் செருப்பைக் கழற்றி நின்றேன்.
பதினேழாவது நிமிடத்தில்
இடது குதிகால் பேச ஆரம்பித்தது.
இருபத்திரண்டில் அசைந்துவிட்டேன்.
பார்க்க ஒன்றுமில்லாத சுவர்
அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழாவதில் கதவைத் திருப்பினேன்.
சாமான் அறையிலிருந்து நாலடி பிடுங்கினேன்.
எதிர்ச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல்:
இருசாயியின் கண் உயரம், பலகையோடு சேர்த்து,
ஐந்தடி ஐந்தங்குலம். வேப்பமரம் தெரியும்.
எஸ்டிமேட்டில் தங்கவடிவேல்
இரண்டு கொக்கியை அடித்து ஒன்றாக்கினார்.
நான் மறுபடி இரண்டு என்று எழுதினேன்.

பாக்கிக்கு எந்தத் தாளிலும் இடமில்லை.
வடக்கைக் காட்டும் அம்புக்குப் பக்கத்தில்
சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறேன்:
ஆயிரத்து எண்ணூறு.