இரண்டு நிமிடம் பின்னோக்கி

சிலேத்தார் ஹில்ஸ், நாற்பத்தொன்றாம் எண் வீடு.
அடுக்களைக் குழாயில் தண்ணீர்
வெளிறிய பச்சையாய் வந்ததாம் நேற்று மாலை.
இன்று தெளிவாகத்தான் இருக்கிறது.
திரு குவெக் ஒரு கண்ணாடிக் குவளையில்
பிடித்து வைத்திருந்தார் எனக்காக
வெறும் தண்ணீரை,
பேச மறுக்கும் சாட்சியைப் போல.

முதலில் பார்த்தது அவர் இல்லை.
சுமார்னி.
அரிசி களையும்போது பார்த்தாள், சொன்னாள்.
சட்டியைச் சரியாகக் கழுவவில்லை நீ, என்றார்கள்.
கொட்டிவிட்டு, சட்டியைத் தேய்த்து,
வேறு அரிசி போட்டுக் களைந்தாள்.
மறுபடியும் பச்சை.
கொட்டிய அரிசியைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று
மீட்டர் பெட்டியின் மூடியை நான் நெம்பும்போது
மலாயில், மெதுவாக,
என்னிடம் கேட்டாள்.

புல்வெளி மிக நன்றாக இருந்தது. சந்தேகமே அதுதான்.
மார்ச் வெயிலில் அண்டை வீட்டுப் புல்
பாய் நிறத்தில் கிடக்க
இங்கே மட்டும் என்ன செழிப்பு!
பதினொரு தெளிப்பான் தலைகள் தரைக்குள் பதுங்கி,
காலை ஆறரைக்கும் மாலை நான்குக்கும் எழுந்து
சுற்றிச் சுற்றிக் கும்பிட்டு
மறுபடி புதைபவை.
குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உரத்தொட்டி.
அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய்
தோட்டத்துக் குழாய்க்குள் நுழைகிறது.
அங்கே இருக்கவேண்டிய ஒன்று
இல்லை.

"போன தண்ணீர் எப்படித் திரும்பும்?"
குவெக் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்.
"மாதாமாதம் கட்டணம் கட்டுகிறேனே."

பள்ளம் கண்டால் பாயும் தண்ணீர் என்பார்கள்.
முப்பத்தொரு வருடம் குழாய் முறுக்கிய கை எனக்கு.
அது பாதி உண்மை.
அழுத்தம் எங்கே குறைகிறதோ
அங்கே போகும் தண்ணீர், மேடானாலும்.
நேற்று நாலே காலுக்குத் தெருமுனையில்
சாலை தோண்டிய இயந்திரம்
பெரிய குழாயைக் குத்திவிட்டது.
இரண்டே நிமிடம்.
தெரு மொத்தமும் ஓர் உறிஞ்சுகுழல்.
எழுந்து நின்ற தெளிப்பான்கள்
புல்லடிச் சேற்றையும் பூனை மூத்திரத்தையும்
உரத்தொட்டியின் பாதியையும் வாயில் அள்ளிக்கொண்டு
வீட்டுக்குள் வந்தன,
செருப்பைக் கழற்றாமல்.

வண்டியிலிருந்து எடுத்து வந்தேன். பித்தளை, நாலு கிலோ.
உள்ளே இரண்டு கதவு, இரண்டு ஸ்பிரிங்.
முன்னால் தள்ளினால் வழிவிடும்.
பின்னாலிருந்து யார் தள்ளினாலும் மூடிக்கொள்ளும்.
கதவுகள் இரண்டும் ஏமாற்றினால்
நடுவிலுள்ள சின்ன அறை
தன்னைத்தானே தரையில் கொட்டிவிடும்.
உரம் கலக்கும் வீட்டுக்கு இதற்குக் குறைந்த எதுவும் ஆகாது.

விலையைச் சொன்னேன்.
"உரத்தை நிறுத்திவிட்டால்?"
சேறு இருக்கிறதே ஐயா.
"ஒரு கதவு வைத்தால்?"
மாட்டேன்.
ஒருநாள் இது கசியும், என்னைத் திட்டத் தொலைபேசி எடுப்பீர்கள்.
அப்போது ஞாபகம் வையுங்கள்:
அது தரையில் கொட்டியதை
நீங்கள் குடிக்கவில்லை.

மதியம் முடிந்தது. அளவுமானியைப் பொருத்தி
ஒவ்வொரு கதவாய்ச் சோதித்தேன்.
முள் ஏறியது, நின்றது, நின்ற இடத்திலேயே நின்றது.
இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த காட்சி
இவ்வளவுதான்: ஒரு முள், அசையாமல்.

பிறகு படிவம். முகவரி, வரிசை எண், தேதி.
அடியில் பேனாவால் நானே ஒரு கட்டம் வரைந்து
'குறையை முதலில் கண்டவர்' என்று தலைப்பிட்டு
சுமார்னியின் பெயரை எழுதினேன்.
குவெக் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு
இன்னொரு முறை படித்தார்.
"இது எப்போதும் உண்டா, இந்தக் கட்டம்?"
உண்டு என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.

அவள் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு
ஓடட்டும் என்று நின்றாள்,
நான் சொன்ன பத்து நிமிடம் தாண்டியும்.
அரிசி ஒரு பக்கம்
அளந்தபடி இருந்தது,
இன்னும் நனையாமல்.