பத்து நிமிடம்

பொம்மனஹள்ளி கம்பெனியில் காலர் தைக்கிறேன்.
மணிக்கு எண்பது.
எழுபத்தாறில் நின்றால் சூப்பர்வைசர்
என் தலைக்கு மேல் நின்று
என்னைப் பெற்றவளைப் பற்றிப் பேசுவான், கன்னடத்தில்.
அதைத் தமிழாக்கி
மங்கம்மனபாளையம் வீட்டுக்கு எடுத்து வருவேன்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள்.
மோனிஷா பென்சிலைக் கடித்துத் தின்கிறாளாம்.
யார் கையைத் தூக்கினாலும் காதைப் பொத்துகிறாளாம்,
விடை தெரிந்த பிள்ளை தூக்கும் கைக்கும்.

எட்டு ஞாயிறு வகுப்பு, அங்கன்வாடிக் கட்டடத்தில்.
"புள்ள வளக்கறதுக்குக் கிளாஸா?" என்றார் அவர்.
நைட் டியூட்டித் தூக்கம், திரும்பிப் படுத்தார்.
நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டேதான் போனேன்.

மார்பில் குத்திக்கொள்ள ஒரு சீட்டு தந்தார்கள்.
மோனிஷா அம்மா என்று எழுதினேன்.
நேத்ராவதி மேடம், மண்டியாக்காரர்,
சீட்டைத் திருப்பி வைத்து
"உங்க பேரு?" என்றார் உடைந்த தமிழில்.
கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.
சுகுணா.

பிறகு ஒன்பது கேள்விகள்.
போன இரண்டு வாரத்தில்
எதிலும் ஆசையில்லாமல் இருந்ததா?
ஒருநாளும் இல்லை, சில நாள், பாதிக்கு மேல், தினமும்.
"ஞாயித்துக்கிழமையையும் சேக்கணுமா?" என்று கேட்டேன்.
பக்கத்தில் பர்வீன் சிரித்தாள்.
அவள் தாளில் கடைசிக் கட்டமெல்லாம்
ஏற்கெனவே நிறைந்திருந்தது.

வீட்டுப்பாடம்:
தினம் பத்து நிமிடம் பிள்ளையோடு விளையாடணும்.
கேள்வி கேட்கக் கூடாது. திருத்தக் கூடாது.
அவள் சொல்வதை மட்டும் செய்யணும்.
கம்பெனியில் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறேன்
என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அவள் என்னை நம்பவில்லை.
மடக்கு நாற்காலிக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்,
ஊசி போட வந்தவளைப் பார்ப்பதுபோல்.
இரண்டாம் நாள் ஒரு பட்டன் தந்தாள், திருப்பி வாங்கிக்கொண்டாள்.
மூன்றாம் நாள், "அம்மா விளையாட்டு" என்றாள்.
அவள் அம்மா. நான் மோனிஷா.

என் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு
என் டிபன் டப்பாவோடு வெளியே போய், திரும்பி வந்தாள்.
கதவு. செருப்பு.
டப்பா, கடப்பைக் கல்லில்,
ணங்.
"இந்தச் சத்தம் வந்தா நீ கட்டிலுக்கு அடியில போகணும்."
போனேன். வகுப்பின் விதி அது.
"இன்னும் உள்ள. கால் தெரியுது."

அங்கே வெங்காயக் கூடை,
சுருட்டிய பழைய காலண்டர், கடித்த பென்சில்கள்,
ஒரு சின்னத் தலையணை.

தலையணை.

மேலே என் குரல் கேட்டது.
ஏழு வயதுத் தொண்டையில் என் குரல்,
அதற்குள் சூப்பர்வைசர் குரல்,
ஒரு சொல் பிசகாமல்.

போனில் அலாரம் அடித்தது. நான் வெளியே வரவில்லை.
அவள் குனிந்து பார்த்தாள்.
"வெளாட்டு முடிஞ்சிது, வாம்மா."

மறுநாளிலிருந்து டப்பாவை மெதுவாக வைத்தேன்,
பஞ்சின்மேல் வைப்பதுபோல்.
அந்த வாரமும் ஒருநாள் கத்தினேன், பால் பொங்கியதற்கு.
சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:
"கோவம்னா சத்தமாவே வெய்யும்மா.
மெதுவா வெச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

இதை வகுப்பில் சொன்னேன்.
நேத்ராவதி மேடம் தம் புத்தகத்தைப் புரட்டினார்.
அதில் இல்லை போல. மூடி வைத்தார்.
பர்வீன் என் முழங்காலில் கை வைத்தாள்.
அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

இப்போது வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்,
இன்றைக்கு எத்தனை காலர் என்று.
"எழுபத்தொண்ணு."
உள்ளிருந்து பதில் வரும்:
"அப்ப அஞ்சு நிமிஷம் வெளியவே இரு."
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்காருவேன்.
மாடிக்குப் போகிறவர்கள் என்ன, சாவி இல்லையா என்பார்கள்.
இருக்கிறது என்பேன்.

தலையணை இன்னும் அங்கேதான்.
நான் எடுக்கவில்லை. அவளுடையது அது.
பெருக்கும்போது
சுற்றிப் பெருக்குகிறேன்.