வெயில் படாத கறுப்பு

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி கழியாமல் வார்டோவுக்கு வராது.
அந்த இருட்டில்தான் நான் கறுத்தேன்.
"கேனரித் தீவுக்குப் போய் வந்தாயா, சோல்ஃப்ரிட்?"
மீன் ஆலையில் ஒட்வார் கேட்டான்.
நான் விடுப்பே எடுக்கவில்லை.
உள்ளங்கை ரேகைகளில்
யாரோ பென்சிலால் இழுத்ததுபோல் கறுப்பு.
விரல் முட்டியில், ஈறில், பழைய தையல் தழும்பில்.

இன்னொன்று, அவனிடம் சொல்லாதது:
காட் மீனுக்குத் தூவ வைத்த உப்பை
கையுறை கழற்றி நக்கினேன்.
ஒருமுறை அல்ல.

கிர்கெனஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் யோரூன்
காலை எட்டுக்கு ரத்தம் எடுத்தாள்.
"கார்டிசோல் உச்சியில் நிற்கிற நேரம் இது.
உனக்குத் தரையில் கிடக்கிறது."
மூளைக்குள் ஒரு கடிகாரம்;
அதன் பேச்சைக் கேட்டு
பட்டாணி அளவு பிட்யூட்டரி
விடியுமுன்பே ஆள் அனுப்பும்.
சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் உட்கார்ந்த சுரப்பி
கதவைத் திறக்கும்.
மனிதர்கள் கண் விழிப்பது அதற்கும் பிறகு.

என் வீட்டில் கதவு திறக்க ஆளில்லை.
அனுப்பியவன் விடவில்லை,
மேலும் ஆள், அதற்கு மேலும் ஆள்.
வாசலில் நின்று அலுத்தவர்கள்
என் தோலில் மை பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது ஆறு மணிக்கு அலாரம்.
இருட்டில் கை நீட்டி பத்து மில்லிகிராம்.
மதியம் ஐந்து. நாலு மணிக்கு இரண்டரை.
ராத்திரிக்கு ஒன்றுமில்லை,
ராத்திரி உடம்பு எதுவும் கேட்பதில்லை.
காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு.
கோட்டுப் பையில் ஓர் ஊசி;
ஒட்வாருக்குப் போடத் தெரியும்.
ஆரஞ்சுப் பழத்தில் பழகினான்.
பழத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

விழுங்கிவிட்டு மறுபடி படுக்கிறேன்.
அரை மணி நேரம் நான் யாரோ இறக்கி வைத்த மூட்டை.
வெளியே பனி வாரும் வண்டி
பின்னோக்கி வரும் பீப் பீப்.
பிறகு ஒரு முழங்கால் சம்மதிக்கிறது.
அப்புறம் மற்றது.
எனக்குள் யாரோ எழுந்து
விளக்கைத் தேடுகிறார்கள்.

சூரியன் முழுசாய்த் தெரியும் நாளில்
கோட்டையில் பீரங்கி வெடிக்கும்,
பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.
இன்னும் பதினோரு நாள்.
என் விடியலுக்கு
மாத்திரை அட்டையின் தகடு கிழிகிற சத்தம்,
அவ்வளவுதான்.

காபி போடுகிறேன்.
அதிலும், ஆமாம்,
ஒரு சிட்டிகை உப்பு.