வாய்க்கரிசி

செட்டியார் தெருவில் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு
ஒன்பது பேரையும் தரையில் இருத்தினார் முதலாளி.
ஏழு கிராம் குறைகிறது.
பொலிசுக்குப் போனால் கடைப்பெயர் நாறும்.
அதனால் முகத்துவாரம் காளியின் காலடியில்
ஓரிரவு வைத்தெடுத்த பச்சரிசி,
ஆளுக்கொரு வெற்றிலையில் ஒரு பிடி.

"மெல்லுங்கோ. பிறகு துப்புங்கோ.
கள்ளன்ர வாயில தண்ணி ஊறாது."

பட்டறை பெனடிக்ற் துப்பினான்: கஞ்சி.
மெருகு போடும் தவக்குமார்: கஞ்சி.
காளியின் அரிசி தனக்கு ஆகாதென்றான் நஸ்மி;
மூலைக்கடையில் வாங்கிக் கொடுத்தார்கள்.
அதுவும் கஞ்சி.

பேரேடு எழுதுகிற என் முறை.
மெல்ல மெல்ல மணல்.
துப்பியபோது
சுண்ணாம்புத் தூளாய் என் சேர்ட்டிலேயே கொட்டியது.
மின்விசிறி அதைக் கொஞ்சம் கிளப்பிற்று.

நான் எடுக்கவில்லை.
சொல்வதற்கு நாக்கு வரவில்லை,
அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது,

அந்த யூலையில் ஒட்டியது போல.
ஆமர் வீதிச் சந்தி.
எனக்கு முன்னால் மூன்று பேர். பின்னால் ஒருவன்,
கையில் பால்மாப் பேணி.
வாளியொன்றைத் தூக்கிக் காட்டி
இதுக்குப் பேர் சொல் என்றார்கள்,
தங்கள் பாசையில்.
வாளிக்குள் பெற்றோல் மணத்தது.

அவர்களுக்கு அந்த எழுத்து நான்கு.
எங்கள் நெடுங்கணக்கில் ஒரே ஒரு ப.
பாம்பு என்னும்போது உதடு
முதலில் வெடிக்கிறது, பிறகு முனகுகிறது,
எழுதினால் இரண்டும் ஒன்று.
அன்றைக்கு
சொல்லின் வாசலிலேயே முனகத் தெரிந்தவன் பிழைப்பான்.

சொன்னேன்.
எப்படி வந்ததென்று இன்றும் தெரியாது.
வாழைத்தோட்டத்தில் பந்தடித்த பெடியள் எவனுடையதோ வாயிலிருந்து
அறியாமல் எடுத்து வைத்திருந்த ஒலி.
போ என்று தோளில் தட்டினார்கள்.

பின்னால் நின்றவன் சொன்னதும் கேட்டது.
சுத்தமான ப.
அதன்பிறகு பேணி உருளும் சத்தம்,
தார் றோட்டில், வெகுநேரம்.
நான் திரும்பவில்லை.

அவனுக்கு யார் போட்டிருப்பார் வாய்க்கரிசி?

"ஐயா, காளியாணை, நான் இல்லை"
என்றிருக்கலாம்.
எட்டுப் பேர் பார்த்திருக்க
சேர்ட்டைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

மாதம் முந்நூறு ரூபா வெட்டுகிறார்.
வெட்டை நானே பதிகிறேன் பேரேட்டில்,
திகதி, தொகை, மீதி.
விபரம் என்ற கட்டத்துக்கு வரும்போது
பேனாவை உதறிப் பார்க்கிறேன்,
மை இருக்கிறது.