தொட்டுக்க

மாதத்தில் ஒரு செவ்வாய்,
காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை
சேடபட்டி லைனில் கரண்ட் இருக்காது.
பேப்பரில் போட்டுவிடுவோம்.
ஊர் முந்தின நாளே மாவாட்டிக்கொள்ளும்,
தொட்டி நிரப்பிக்கொள்ளும்.
ஒச்சம்மாள் மட்டும்
கம்பிக்குக் கீழே சாக்கை விரித்துக்
காத்திருப்பாள்.

வைகாசி.
கண்மாய்க்குள் மாட்டுக் குளம்பு பதிந்த குழியெல்லாம்
சுட்ட ஓடு மாதிரி.
அவளிடம் மிச்சம், தையில் அறுத்த சோளத்தட்டை.
வெயில் குடித்து வெளுத்த துடைப்பம்.
ஒன்பது ஆடும் அதை மோந்துவிட்டு
அவளைப் பார்க்கும்.

ஏணியில் நின்று வாகைக் கொப்பை வெட்டுகிறேன்.
"தம்பி, அந்தப் பூவரசையும் கொஞ்சம்."
"அது லைன்ல இல்லக்கா."
"காத்தடிச்சா லைன்ல விழும்ல?"
விழும்தான்.
வெட்டினேன்.

கீழே தரம் பிரிக்கிறாள்,
வாகை, வேம்பு,
சவுண்டல் தனியாக, குறைச்சலாக.
"இதையே போட்டா மயிரு கொட்டிப்போகும்.
போன வருசம் ஒரு கிடா வழுக்கையாத் திரிஞ்சுச்சு,
எங்க வீட்டுக்காரரு கணக்கா."
சினையாட்டுக்கு மட்டும் ஒரு பிடி கூட.

இலைதான் இன்றைக்குச் சாப்பாடு என்று நினைத்தேன்.
இல்லை.
நறுக்கித் தண்ணீர் தெளித்துத்
தட்டையோடு உதறிப் போட்டாள்.
காலையில் முகம் திருப்பிய அதே தட்டை
நறநறவென்று போகிறது.
"பச்சை கொஞ்சம் உள்ள போனாத்தான் தம்பி
வயித்துல காஞ்சதும் கரையும்.
வெறுஞ்சோத்த யாரு திம்பா,
தொட்டுக்க வேணாமா?"

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
தயிர்சோறு. அது மட்டும்.
காலையில் வீட்டில் ஒரு பேச்சு,
அதற்கு மேல் ஒன்றும் வைக்கவில்லை.
நான் எதுவும் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.
அடுப்பில் எண்ணெய் சீறும் சத்தம்,
தட்டில் மூன்று மோர்மிளகாய்.
பாக்ஸின் அடி தெரிந்தது.

மூன்றரைக்கு மறுபடி ஏணி.
அடியோடு எடுக்கச் சொல்லித்தான் ஆர்டர்,
திரும்பத் துளிர்க்கக் கூடாதாம்.
நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்,
வாகை ஒன்று, அகற்றப்பட்டது.
ஏ.இ. வந்து அண்ணாந்து பார்க்க மாட்டார்.

ரெண்டு கணு விட்டிருக்கிறேன்.
ஐந்து மணிக்குக் கரண்ட் கொடுத்ததும்
கம்பி லேசாக முனகியது.
"அடுத்தது என்னைக்குத் தம்பி?"

பேப்பருக்கு முன்னால்
அவளிடம் சொன்னேன்.