தூக்குக்குண்டு இல்லாத பெட்டி

கெனோஷா போகும் வழியெல்லாம் பனி.
விளம்பரம் ஒரே வரிதான்:
பின்பால் உதிரி, பழையது, பேரம் இல்லை.

வெர்னா ஷிமான்ஸ்கியின் கார் ஷெட்டில்
கார் இல்லை.
காப்பி டின்களில் காயில்கள்,
முட்டை அட்டையில் பதினொரு பல்பு,
பன்னிரண்டாவது குழியில் நிஜ முட்டை.
சுவரோரம் கால் கழற்றிய ஆட்டப் பெட்டி
வயிறு திறந்து மல்லாந்து கிடந்தது.

எனக்கு வேண்டியது நூறாம் இடத்துச் சக்கரம்.
வீட்டில் என்னுடையது ஆறில் நின்றுவிட்டது.
ஜெயித்தாலும் அறுநூற்றுச் சொச்சம்,
தோற்றாலும் அதே.
ஜோலீன் ஆடுவதை விட்டுவிட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னே நான்கு சக்கரங்களும்
கடைசி ஆட்டத்தை விடாமல் பிடித்திருந்தன:
ஆயிரத்து முந்நூற்று எழுபது.
"யார் ஆடியது?"
"பிளக்கைப் பிடுங்கியபோது யார் ஆடினார்களோ அவர்கள்"
என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.
மூன்றைக் கழற்றினேன்.
ஒன்று, ஒரு பொக்கை, ஏழு, பூஜ்யம்.

பக்கவாட்டில் கையை விட்டுத் தடவினால்
வளையம் இருக்கிறது,
நடுவில் தொங்க வேண்டிய குண்டைக் காணோம்.
கொத்தனாரின் தூக்குக்குண்டுக்குத் தம்பி அது.
பெட்டியை ஓங்கி இடித்தால் ஆடி வளையத்தைத் தொடும்,
விளக்கு அணையும், போட்ட காசு போச்சு.

"எர்வின் கழற்றி ஏரியில் எறிந்தான்,
ஆலை மூடின குளிர்காலம்.
வேலை போனவர்கள் பகலிலேயே வந்தார்கள்.
ஆடினார்கள் என்றா சொல்வது, தள்ளினார்கள்.
கார்மைன் ருஃபோலோ இடுப்பால் ஒரு அடி நகர்த்தினான்.
தரையில் கோடு இருந்தது.
வாங்கினவர்கள் கம்பளம் போட்டுவிட்டார்கள்."

சிகரெட்டை நசுக்கிவிட்டு,
"பதினைந்து டாலர்."
பன்னிரண்டு என்றேன்.
பதினெட்டு என்றாள்.
கொடுத்தேன்.

இரவு, சமையல் மேசை.
சக்கரம் சேரவில்லை.
அச்சு அரை நூல் தடிமன்,
வேறு கம்பெனி, வேறு வருஷம்.
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்
மூன்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

என் பெட்டியிடம் போய்
இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினேன்.
சட்டென்று அணைந்தது. அறையே இருட்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
முன்கதவைத் திறந்து
குண்டின் திருகைத் தளர்த்தி
ஒரு விரற்கடை மேலே ஏற்றினேன்.

மறுபடி தள்ளினேன்.
பந்து வழி மாறி ஓடியது, விளக்குகள் நின்றன.
அறுநூற்று நாற்பது.

சனிக்கிழமை சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுபோகலாம்.
வாங்கிக்கொள்ள மாட்டாள்.
போகலாம்.