பிரிபடாத பங்கு

வூப்பர்டாலில், மலைச்சரிவில்,
தெருவிலிருந்து பார்த்தால் நாலு மாடி,
பின்னாலிருந்து பார்த்தால் ஐந்து.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில் கட்டியது.
முகப்பெல்லாம் கறுப்புப் பலகைக்கல்,
மழை பெய்தால் மீன்தோல்.

லேசரின் சிவப்புப் புள்ளியை
எதிர்ச்சுவரில் வைக்கிறேன்.
நாலு மீட்டர் பன்னிரண்டு.
ஹென்னிங் குறித்துக்கொள்கிறான்.

வீட்டுக்காரர் போய் ஏழு மாதம்.
மூன்று பிள்ளைகள், மூன்று வக்கீல்கள்.
முழுசாய் விற்க ஒருத்திக்கு மனமில்லை,
முழுசாய் வாங்க ஒருவரிடமும் பணமில்லை.
ஆகவே நான்.

ஒரு குடியிருப்பின் எல்லா அறைக்கும்
வட்டத்துக்குள் ஒரே எண்.
சமையலறை ஒன்று. குளியலறை ஒன்று.
பால்கனியும் ஒன்று, புறாக்கள் உட்பட.
பூட்டிக்கொள்ளச் சொந்தக் கதவு வேண்டும்.
இன்னொருவர் கூடத்தைக் கடக்காமல்
தன் படுக்கைக்குப் போக வழி வேண்டும்.
நடுச்சுவர் ஐம்பத்து மூன்று டெசிபல் தடுக்க வேண்டும்.
இவ்வளவும் இருந்தால் முத்திரை விழும்:
இது தனி. விற்கலாம்.

படிக்கட்டுக்கு எண் கிடையாது.
கூரை, அஸ்திவாரம், அடியில் இருக்கும் மண்,
எதற்கும் கிடையாது.
ஊரில் பத்திரம் எழுதுபவர் இதற்கு வைத்திருக்கும் சொல்லை
ஹென்னிங்குக்கு மொழிபெயர்த்தேன்:
பிரிபடாத பங்கு.
"கல்யாணம் மாதிரி இருக்கிறதே" என்றான்.
அடுத்த சுவருக்குப் போனேன்.

இரண்டாம் மாடியில் யொலாந்தா,
இரவுப்பணி முடித்து, சீருடை மாற்றாமல் கதவைத் திறந்தாள்.
பதினாறு வருட வாடகைக்காரி.
"என் அறைகளுக்கு என்ன எண்?"
மூன்று என்றேன்.
"விலை?"
அது என் வேலையில்லை.
சட்டப்படி முதலில் உன்னைத்தான் கேட்பார்கள்,
யோசிக்க இரண்டு மாதம் தருவார்கள்.
"யோசிப்பதற்குக் காசு கேட்கமாட்டார்களே" என்று சிரித்தாள்.
படுக்கையறையை அளந்து முடிக்கும்வரை
தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்,
சிவப்புப் புள்ளி அதன்மேல் விழாதபடி.

படி திரும்பும் இடத்தில் பழைய கக்கூஸ் ஒன்று.
பீங்கானைப் பெயர்த்தெடுத்துப் பல வருடம்.
உள்ளே உறைந்த பெயின்ட் டப்பாக்கள், ஒற்றைப் பனிச்சறுக்குப் பலகை.
மூத்தவள் ஆங்க்கே போனில்: அது எனக்கு.
அரை மணியில் தம்பி: அது பொது.
ஒன்று புள்ளி ஒன்று சதுர மீட்டர்.

சாயங்காலம் பங்குகளைக் கூட்டினேன்.
ஆயிரம் வர வேண்டும்,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது.
தசமத்தில் எங்கோ ஒன்று கழன்றுவிட்டது.
யாருக்காவது கொடுத்துவிடலாம்தான்.
ஆனால் பங்கு கூடினால் கூரைச் செலவும் கூடும்.
தானம் கொடுக்கிறோமா தண்டம் போடுகிறோமா
என்று தெரியாமல் கணினியை மூடினேன்.

தொங்கு ரயிலில் ஒன்பது நிமிடம்.
பாவேந்தனும் நானும்
மார்ச் மாதத்திலிருந்து பிரிந்து வாழ்கிறோம்,
ஒரே வீட்டில்.
சட்டத்தில் இடமிருக்கிறது: ஒரு வருடம்,
தனி மேசை, தனிப் படுக்கை.
இன்னொரு வாடகைக்கு இருவர் சம்பளமும் காணாது.
ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவன், கீழ்த்தட்டு நான்.
கதவில் இருக்கும் முட்டையைப் பற்றி
யாரும் பேசி முடிவெடுக்கவில்லை.

தூக்கம் வராமல் மனசுக்குள் வரைந்து பார்க்கிறேன்.
படுக்கையறைக்கு வட்டத்தில் ஒன்று.
அவன் படுக்கும் கூடத்துக்கு இரண்டு.
குளியலறைக்கு என் கதவைத் தாண்டித்தான் அவன் வர வேண்டும்.
அடுப்பு ஒன்றே. தண்ணீர்மானி ஒன்றே.
இந்த விண்ணப்பத்தை நானே தள்ளுபடி செய்வேன்.

கூடத்தில் இருமுகிறான்.
இந்தச் சுவர் முப்பது டெசிபல்கூடத் தேறாது.

எனக்கென்று மிளகு ரசம் வைத்திருந்தேன்.
பாத்திரத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது,
கை பழைய அளவிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறது.
மேல்தட்டில் வைக்கவா, கீழ்த்தட்டிலா?
மூடிபோட்டு அடுப்பிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தியிருந்தது.
ஆங்க்கேயிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது,
அந்தக் கக்கூஸ் விஷயமாக.